ஒரு கயிறு போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

மரக்கிளை வெட்டுவது பற்றிப் போன இதழில் எழுதிய பதிலுக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கயிற்றைப் பற்றியவை. மின்கம்பத்தில் ஏறிப் பிழைத்தவன் என்பதால் எனக்கு இவை நெருக்கமான கேள்விகள். ஒத்தவற்றை ஒன்றாக்கி இம்முறை எழுதுகிறேன்.

ஐயா, என் இளைய மகன் கனடாவில் ஒன்ராறியோவில் இருக்கிறான். அங்கே அனுமதிப்பத்திரம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவன். மரத்திலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். பரணும் இல்லை, ஏணியும் இல்லை. இடுப்பில் ஒரு பட்டி, காலுக்குக் கீழே சின்னத் தகடு, ஒரேயொரு கயிற்றில் மரத்தோடு சாய்ந்து தொங்குகிறான். அதை மரச்சேணம் என்கிறான். கயிறு அறுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால் சிரிக்கிறான். ஒரு கயிறு போதுமா?
– ஒரு தாய், மாங்குளம்

அம்மா, போதாது. ஆனால் மகனிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். 'கயிறு அறுந்தால்' என்று கேட்டால் அவன் சிரிக்கத்தான் செய்வான். அந்த வேட்டைக்காரர்கள் பலர் பாவிப்பது 11 மில்லிமீற்றர் மொத்தக் கயிறு. உள்ளே நெடுக ஓடும் இழைகள், வெளியே இறுகப் பின்னிய உறை. புதிதாக இருக்கும்போது இரண்டு தொன்னுக்கு மேல் தாங்கும். நல்ல கயிறு சும்மா இருந்து அறுவது அரிது. 'முடிச்சு வழுக்கினால்? கொழுக்கி திறந்தால்? ஒரு கயிற்றைக் கழற்றி மற்றதைப் போடுகிற அந்த இடைவெளியில் கால் தவறினால்?' என்று கேளுங்கள். அப்போது யோசிப்பான்.

சேணத்தைக் காணாதவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்கிறேன். தலைக்கு மேலே மரத்தைச் சுற்றி ஒரு கட்டுக்கயிறு. அதன் தொங்கும் வாலில், மேலும் கீழும் நகர்த்தக்கூடிய ஒரு பிடிமுடிச்சு. அந்த முடிச்சில் ஒரு கொழுக்கி. கொழுக்கி போய் மாட்டுவது, இடுப்புப் பட்டியின் இரு பக்கத்தையும் முன்னால் இணைக்கிற ஒரு சிறு கயிற்றில். அதைப் 'பிரிட்ஜ்' என்பார்கள். அதற்குப் பிறகுதான் பட்டி, பட்டிக்குள் உங்கள் பிள்ளை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. எது விட்டாலும் ஆள் கீழே. ஆகவே உதவிக்கயிறு என்று ஒன்று வேண்டுமென்றால், முதற்கயிறு நம்பியிருக்கும் எதையும் அது நம்பியிருக்கக் கூடாது. அதே கொழுக்கியில் இரண்டாவது கயிற்றைக் கொண்டுபோய் மாட்டினால் பார்க்க இரண்டு கயிறு, உண்மையில் ஒரு கொழுக்கி.

முதலில் காசு செலவில்லாத வேலை. பிடிமுடிச்சுக்குக் கீழே, கட்டுக்கயிற்றின் வாலில் ஒரு பெரிய எட்டு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். பிடிமுடிச்சு வழுக்கினால் அந்த எட்டில் வந்து முட்டி நிற்கும். எட்டு இல்லையென்றால் வால் முடிகிற இடத்தால் உருவிக்கொண்டு போய்விடும். இரண்டுக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி போதும். ஒரு முழம் விட்டால், வழுக்கும்போது அந்த முழமும் விழுகைதான்.

அந்தப் பிடிமுடிச்சு பெரும்பாலும் புருசிக் முடிச்சாக இருக்கும். 1931 இல் கார்ல் புருசிக் என்ற ஒஸ்திரிய மலையேறி எழுதி வெளியிட்டது. சிறு கயிற்று வளையம் ஒன்றைப் பெரிய கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். பாரம் விழுந்தால் இறுகும், பாரம் எடுத்தால் நகரும். வளையக் கயிறு பெரிய கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் பிடிக்கும். 11 இல் 11 ஐச் சுற்றினால் கைக்கு இறுகினது போலிருக்கும், பாரத்துக்கு வழுக்கும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படுத்திருக்க வேண்டும். அங்கே கார்த்திகை மாதத்தில் கயிறு நனைந்து உறைந்தும் போகுமாம். உறைபனி பிடித்த கயிற்றில் இந்த முடிச்சை நம்பக் கூடாது. நான்காவது சுற்றுப் போட்டு, நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பிடிக்கவில்லையா, அன்றைக்கு மரம் வேண்டாம்.

இரண்டாவது, இடுப்புச்சுற்றுக் கயிறு. ஏறும்போது இடுப்பின் இரு பக்க வளையத்திலும் மாட்டி மரத்தைச் சுற்றி வருகிற கயிறு. மின்கம்பத்தில் நாங்கள் போட்டதும் அதே வகைதான். அங்கேயும் அதை லைன்மன் பெல்ற் என்றே சொல்கிறார்கள். மேலே போனதும் கட்டுக்கயிற்றில் மாட்டிவிட்டு இதைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைப்பது பலர் வழக்கம். அம்மா, கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். இது பிரிட்ஜில் மாட்டுவதில்லை, பக்க வளையத்தில் மாட்டுகிறது. கொழுக்கியும் வேறு, முடிச்சும் வேறு. முதற்கயிற்றில் எது பிழைத்தாலும் இதற்குப் பாதிப்பில்லை. கையோடு இருக்கிற நல்ல உதவிக்கயிறு இதுதான். ஒரு குறை உண்டு: வழுவழுப்பான மரத்தில் ஆள் சரிந்தால் இதுவும் சேர்ந்து சரியும். அதனால் கிளைக்கு மேலாகப் போட வேண்டும். கிளை இல்லையென்றால் மரத்தை இரண்டு சுற்றாகச் சுற்றி இறுக்க வேண்டும்.

மூன்றாவது, தளர்வு. அந்தச் சேணம் தாங்கி உட்காருவதற்கான பட்டி, விழுகிறவனைப் பிடிப்பதற்கான பட்டி அல்ல. தோளில் வார் இல்லை, தலைகீழாகப் புரளவும் இடமுண்டு. அந்தக் கயிறோ இழுபடாத வகை. அரை மீற்றர் தளர்வோடு விழுந்தாலே, நிற்கிற அந்த நொடியில் உடம்பில் இறங்கும் பாரம் நிறையைப் போலப் பல மடங்காகும். உயரத்தில் வேலை செய்வோரின் விழுகைத் தடுப்புக் கருவிகளில் ஐரோப்பிய நியமம் வைத்திருக்கும் எல்லை 6 கிலோநியூட்டன். நம் கணக்கில் சுமார் 600 கிலோ. அதுவும் தோளோடு சேர்ந்த முழுப்பட்டிக்கு. ஆகவே கட்டுக்கயிறு எப்போதும் தலை மட்டத்துக்கு மேலே, எப்போதும் இறுக்கமாக. தகட்டில் எழுந்து நிற்கும்போது கயிறு தொய்ந்தால் பிடிமுடிச்சை மேலே தள்ளிவிட வேண்டும்.

கொழுக்கியையும் பார்க்கச் சொல்லுங்கள். முதுகில் 22 அல்லது 24 கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கும், தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கு நீளப்பாட்டில் இழுக்கும்போது மட்டும். குறுக்காகத் திரும்பி நின்றால் மூன்றில் ஒரு பங்குகூடத் தாங்காத கொழுக்கிகள் உண்டு. வாய் மரத்தில் அழுத்திக்கொண்டு இருக்கவும் கூடாது.

மரத்திலிருந்து விழுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும்போது விழுவதைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் தகட்டுக்கு மாறும்போதும் விழுவதே வழக்கம். கம்பத்திலும் அப்படித்தான். களைப்பு, இருட்டு, வீட்டுக்குப் போகிற அவசரம். ஒரு கயிறு பிடித்தது என்று பாரம் கொடுத்துப் பார்த்த பிறகே மற்றதில் கை வைக்க வேண்டும். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறக் கூடாது. தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, துவக்கின் வாய் கீழே பார்க்க, தனிக் கயிற்றில் பிறகு இழுக்க வேண்டும். எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை மருமகளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போன் பைக்குள் அல்ல, தொங்கும்போதும் கை எட்டுகிற சட்டைப் பையில்.

இதை வாசிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கே இலங்கையில் மானும் மரையும் 1937 ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்ட உயிர்கள். அவற்றைச் சுட மரம் ஏறுகிறவருக்கு என்னிடம் ஆலோசனை இல்லை. காவலுக்கும் தொழிலுக்கும் ஏறுகிறவர்களுக்கு மேலே சொன்ன ஒவ்வொன்றும் பொருந்தும்.

அண்ணை, கச்சான் காவலுக்கு பாலை மரத்தில் பரண் கட்டியிருக்கிறேன். பன்றியும் வரும், யானையும் வரும். நித்திரை தூங்கினால் விழாமலிருக்க ஒரு கயிற்றை இடுப்பில் சுருக்குப் போட்டுப் பரண் தடியில் கட்டிக்கொண்டு படுக்கிறேன். சரிதானே?
– கமக்காரர், நெடுங்கேணி

தம்பி, கயிறு போடவேண்டும் என்று நினைத்தது சரி. மற்ற இரண்டையும் இன்றைக்கே மாற்றுங்கள்.

சுருக்கு வேண்டாம். விழுந்தால் அது இறுகிக்கொண்டே போகும். இடுப்பில் மட்டும் கட்டிய கயிற்றில் விழுந்து தொங்கும் மனிதனுக்குச் சில நிமிடங்களில் மூச்சு முட்டும், விலா முறியவும் ஈரல் கிழியவும் கூடும். பரண் தடியிலும் கட்ட வேண்டாம். பரணே சரிந்தால் கயிறும் அதோடு சேர்ந்து கீழே வந்து உங்களையும் இழுக்கும். பரணுக்கும் கயிற்றுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. படுக்கும் மட்டத்துக்கு மேலே, அடிமரத்திலேயே கட்டுங்கள்.

முக்கியமானது நீளம். பரணின் விளிம்புக்கு உங்கள் உடம்பு போகவே முடியாத அளவுக்குக் கயிறு குட்டையாக இருக்க வேண்டும். புரண்டு படுக்கலாம், எழுந்து இருக்கலாம், விளிம்பைத் தாண்ட முடியாது. அப்படியானால் நீங்கள் விழப்போவதே இல்லை. கயிறும் உங்களைப் பிடிக்க வேண்டி வராது. விழுந்தபின் பிடிக்கும் கயிற்றுக்கு விலை கூடிய முழுப்பட்டி வேண்டும். விழவே விடாத கயிற்றுக்கு இடுப்பையும் இரு தொடையையும் சுற்றிவரும் ஒரு பட்டியும் நல்ல கயிறும் போதும். கமக்காரனுக்கு இதுதான் கட்டுப்படியாகும். பகலில் ஒருமுறை மாட்டிக்கொண்டு நாலு பக்கமும் தவழ்ந்து பாருங்கள். கை மட்டும் விளிம்பைத் தொட்டால் அளவு சரி. நெஞ்சு தாண்டினால் இன்னும் குறைக்க வேண்டும்.

இனி ஏறி இறங்கும் நேரம். பரணில் கட்டியிருந்தும் ஏணியில் கட்டாதவர்கள்தான் பலர். ஏணித்தடிகளுக்குப் பக்கத்தில், மேலே அடிமரத்திலிருந்து நிலம்வரை ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதில் புருசிக் வளையம் ஒன்றைப் போட்டு, பட்டியில் மாட்டி, கையால் தள்ளிக்கொண்டே ஏறுங்கள். கை விட்டால் முடிச்சு பிடிக்கும். வளையத்தை நெஞ்சுக்குக் கீழே விடாதீர்கள்.

பாலையில் முசுறு இருக்கும், உங்களுக்குத் தெரியாததல்ல. இருட்டில் கூட்டில் கை பட்டால், கழுத்தாலும் கக்கத்தாலும் ஏறிக் கடிக்கும்போது எந்த மனிதனும் தன்னையறியாமல் கையை உதறுவான். அந்த ஒரு உதறலுக்காகவாவது ஏணியில் கயிறு வேண்டும். பாலைப்பழக் காலத்தில் கரடி அந்த மரத்துக்கே ஏறும் என்பதால் அந்த மாதங்களில் காவலை வேறு மரத்துக்கு மாற்றுவது நல்லது.

யானை வந்து மரத்தடியில் நின்றால் இறங்கி ஓட நினைக்காதீர்கள். அது தள்ளி அசைக்க முடியாத பருத்த பாலை, மருது, புளி என்று பார்த்துத்தான் முதலிலேயே பரண் கட்ட வேண்டும். மெல்லிய முதிரையில் கட்டிய பரணுக்கு எந்தக் கயிறும் உதவாது. கயிற்றின் உடம்புப் பக்க முனையில் ஒரு கையால் திறக்கக்கூடிய பூட்டுக் கொழுக்கி போடுங்கள். இருட்டில் பாரம் விழுந்த முடிச்சை நகத்தால் அவிழ்க்க முடியாது. ஆபத்தில் கழற்றி எதிர்ப்பக்கக் கிளைக்கு ஏற வேண்டி வரலாம், அதற்கும் ஒரு சிறு கயிறு இடுப்பில் தயாராக இருக்கட்டும்.

உழவு இயந்திரத்துக்குப் பாவித்த நீலக் கயிறு வீட்டில் கிடக்கிறது. மொத்தமானது. மரம் ஏற அது காணாதா?
– வாசகர், மல்லாவி

காணாது. அந்த நீலக் கயிறு பொலிபுரொப்பிலீன். பாரம் கட்ட நல்லது, ஆளைக் கட்ட உதவாது. வெயில் அதைத் தின்றுவிடும். ஒரு முனையை எடுத்து உள்ளங்கையில் உரசிப் பாருங்கள், நீலத் தூள் உதிர்ந்தால் அதன் காலம் முடிந்தது. உராய்வுச் சூட்டையும் தாங்காது. 165 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். விறைப்பானது என்பதால் முடிச்சும் தானாக நெகிழும். தும்புக்கயிறு ஈரத்தில் உள்ளுக்குள் உளுத்துப்போகும், வெளியே தெரியாது.

வாங்குவதென்றால் உறை பின்னிய நைலோன் அல்லது பொலியெஸ்டர் கயிறு, ஆள் ஏறுவதற்கென்று நியம இலக்கம் அச்சிட்டது. கடையில் நாய்ச்சங்கிலிக்கு விற்கும் கொழுக்கியை அதோடு சேர்த்து வாங்கிவிடாதீர்கள். பளபளப்பு ஒன்றுதான், தாங்குவது வேறு. நைலோன் நனைந்தால் பலம் ஓரளவு குறையும், முடிச்சுப் போட்ட இடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். அதற்காகத்தான் தேவைக்குப் பல மடங்கு கூடிய கயிறு எடுப்பது.

ஒவ்வொரு முறையும் ஏறுமுன் கயிற்றைக் கண்ணால் அல்ல, கையால் பாருங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே முழம் முழமாக உருவி, இடையிடையே வளைத்துக்கொண்டு போங்கள். நல்ல கயிறு எங்கும் ஒரே மாதிரி உருண்டையாக வளையும். ஓரிடத்தில் தட்டையாக மடிந்தால் உள்ளிழை போயிருக்கிறது. ஓரிடத்தில் கல்லுப்போல இறுகியிருந்தால் உருகியிருக்கிறது. இரண்டில் எது கண்டாலும் அந்த இடத்தில் வெட்டி எறியுங்கள். வெட்டாமல் மூலையில் போட்டால் வீட்டில் வேறொருவர் எடுத்துக் கட்டுவார்.

பற்றரி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் நைலோன் கயிறு போடவே கூடாது. அசிட் பட்டால் நிறம்கூட மாறாமல் செத்துப்போகும். வியர்வை ஊறிய கயிற்றை எலியும் அணிலும் கடிக்கும்; வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, மூடிய வாளிக்குள் வையுங்கள்.

என் கணவர் சீவல் தொழில். காலையும் மாலையும் பனை ஏறுகிறார். காலில் மாட்டும் தளைநார் தவிர வேறொன்றும் இல்லை. கயிறு கட்டினால் நேரம் போகும் என்கிறார். நான் என்ன சொல்வது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

தங்கச்சி, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பனையிலும் ஏறி இறங்க முழுக் கயிற்றமைப்பு என்றால் நாட்கூலி போய்விடும். களுத்துறைப் பக்கம் தென்னை சீவுகிறவர்கள் மரத்துக்கு மரம் இரண்டு வடம் கட்டி, ஒன்றில் கால் வைத்து மற்றதைப் பிடித்து நடக்கிறார்கள். நம் பனைகள் நிற்கிற இடைவெளிக்கு அது எல்லா இடத்திலும் சரிவராது.

அதனால் எல்லாவற்றையும் கேட்காதீர்கள், ஒன்றை மட்டும் கேளுங்கள். ஏறும்போது இரண்டு கையும் மரத்தில் இருக்கிறது, காலில் தளைநார் இருக்கிறது. வட்டுக்குப் போய்ப் பாளைக்கத்தி எடுக்கும்போதுதான் இரண்டு கையும் மரத்தை விடுகிறது. அந்த இடத்துக்கு மட்டும் இடுப்புச்சுற்றுக் கயிறு ஒன்று. மரத்தைச் சுற்றிப் போட்டு மாட்ட அரை நிமிடமும் ஆகாது. காய்ந்த மட்டையில் மாட்டக் கூடாது, அது பிடுங்கிக்கொண்டு வரும். மரத்தையே சுற்ற வேண்டும், பச்சை மட்டைகளின் அடிக்கு மேலாக, சரியாமல்.

பாளைக்கத்தியின் கூர் அவருக்குத் தெரியும். பாரத்தில் முறுகி நிற்கும் கயிற்றில் அந்தக் கூர் சும்மா தொட்டாலே அறுந்துவிடும். மேல்நாட்டில் மரம் வெட்டுகிறவர்கள் வாள் பிடிக்கும்போது இரண்டு இடத்தில் கட்டிக்கொள்வதும், உள்ளே இரும்புக் கம்பி ஓடும் கயிறு பாவிப்பதும் இதனால்தான். அவ்வளவு இல்லாவிட்டாலும், கயிற்றின் மீது தடித்த இறப்பர்க் குழாய் ஒன்றைக் கோத்துவிடுங்கள். கத்தி வேலை செய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொழுக்கி வரட்டும்.

உங்கள் ஊரில் இன்னொன்று. 2009 இல் செல் பட்ட பனைகள் இன்னும் நிற்கின்றன. மேலே பச்சையாக இருந்தாலும் காயம் பட்ட இடத்தில் உள்ளே கோறையாகியிருக்கலாம். இரும்புத்துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கயிற்றையும் அறுக்கும், தொடையையும் கிழிக்கும். புதிய மரத்தைக் குத்தகைக்கு எடுக்கும்போது கத்திப்பிடியால் சுற்றிவரத் தட்டிக் கேட்கச் சொல்லுங்கள். வெற்றொலி வந்தால் அந்தப் பனையை விட்டுவிடட்டும்.

கயிறு பிடித்துவிட்டது, ஆள் மயங்கித் தொங்குகிறார். கீழே நிற்கிறவர் என்ன செய்ய வேண்டும்?
– மாணவர், கிளிநொச்சி

நல்ல கேள்வி, பலர் கேட்பதே இல்லை. பட்டியில் அசையாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், விட்டால் உயிரும் போகலாம். ஆகவே அவசரம்.

உணர்வோடு தொங்குகிறார் என்றால் காலை ஆட்டச் சொல்லுங்கள், மரத்தை உதைக்கச் சொல்லுங்கள். இடுப்பில் ஒரு கால்வளையக் கயிறு வைத்திருந்தால் அதைக் கொழுக்கியில் மாட்டி அதற்குள் ஏறி நிற்கலாம். மரம் ஏறுகிற எவரும் அந்தச் சிறு வளையத்தை மறக்கக் கூடாது.

மயங்கிவிட்டார் என்றால் முதலில் ஒருவர் 1990 க்கு எடுத்து அம்புலன்ஸ் கேட்கட்டும். காட்டுக்குள் என்றால் ஏ9 வீதியிலோ பக்கத்துச் சந்தியிலோ வழிகாட்ட ஒருவரை நிறுத்துங்கள். மேலே ஏறுகிறவர் தனக்கொரு கயிறு கட்டாமல் ஏறக் கூடாது. பதற்றத்தில் கயிற்றை வெட்டிவிடாதீர்கள்; வெட்டினால் அவர் இறங்குவதில்லை, விழுகிறார். வேறொரு கயிற்றை அவருடைய பட்டியில் மாட்டி, மேலே பருத்த கிளையைச் சுற்றி எடுத்து, கீழே இருவர் பிடித்து, அவரைச் சற்றுத் தூக்கிப் பழைய கயிற்றின் பாரத்தை எடுத்த பிறகு மெல்ல இறக்குங்கள். கயிறு அடிமரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பிடிப்பவர்களின் கை வெந்துபோகாது.

நிலத்தில் நேராகக் கிடத்துங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். மூச்சு இருந்து, விழும்போது எதிலும் அடிபட்டிருந்தால், கழுத்தைத் திருப்பாதீர்கள். எழுந்து உட்கார்ந்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். எவ்வளவு நேரம் தொங்கினார் என்பதை ஒரு துண்டில் எழுதி அவருடைய சட்டைப் பையில் வைத்துவிடுங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அதுவாக இருக்கும்.